கருந்துளைக் காற்றை எழுப்புவது காந்தமா?

2005 ஏப்ரல் 1 அன்று நாசாவின் சந்திரா எக்ஸ் கதிர் விண்நோக்கி, விருச்சிக விண்மீன் குழாமில் இருக்கும் ஜிஆர்ஓ ஜே1655-40 என்ற கருந்துளை இரட்டையைப் பதிவு செய்தது. கிடைத்த நிறமாலை முழுக்கப் பள்ளங்களாக இருந்தது. எண்ணிப் பார்த்தால் தொண்ணூறு உட்கவர் வரிகளுக்குக் குறையவில்லை. இரும்பு, கால்சியம், கந்தகம், சிலிக்கன், மக்னீசியம் என வழக்கமானவை மட்டுமல்ல, மாங்கனீசு, குரோமியம் போன்ற அரிதானவையும் தடம் பதித்திருந்தன. வரிகள் இருக்கவேண்டிய இடத்திலிருந்து நீலப்பக்கம் விலகியிருந்தன. அதாவது, அவற்றைப் பதித்த வாயு நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் முதல் 1,600 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. 2006 ஜூனில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் மில்லரும் சக ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டபோது, இப்படி வெளியேறும் வாயுக் காற்றை எழுப்பக்கூடியது காந்தப்புலம் ஒன்றே என்று முடிவு கூறினார்கள்.

அந்த ஒற்றைப் பதிவு ஒரு துறையையே நடத்திச் சென்றிருக்கிறது என்றால் மிகையில்லை. அதன் மேல் கோட்பாட்டு மாதிரிகள் எழுந்தன. சூரியனைப் போல் ஏழு மடங்கு நிறையுள்ள கருந்துளைக்கும் கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளைக்கும் ஒரே காந்த விளக்கம் பொருந்தும் என்ற பெருங்கனவும் அதிலிருந்தே வளர்ந்தது. அந்த முடிவு இன்று எங்கே நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எக்ஸ் கதிர் நிறமாலை காந்தப்புலத்தைக் காட்டுவதே இல்லை. அப்படியிருக்க அதை வைத்துக் காந்தத்தைப் பற்றி எப்படித் தீர்ப்புச் சொன்னார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஜிஆர்ஓ ஜே1655-40 சுமார் 11,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. 1994-இல் காம்ப்டன் காமா கதிர் விண்நோக்கி இதைக் கண்டுபிடித்தது. ஒரு கருந்துளையும் ஒரு சாதாரண விண்மீனும் 2.6 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. விண்மீனிலிருந்து உருவப்படும் வாயு நேராகக் கருந்துளையில் விழுவதில்லை. சுழற்சி அதை விடாது. அது தட்டையான திரள்வட்டாகப் பரவி, உராய்ந்து, சூடாகி, உள்ளே நெருங்க நெருங்க எக்ஸ் கதிர் உமிழ்கிறது. இந்த வட்டை நாம் மேலிருந்து பார்க்கவில்லை. ஏறக்குறைய 70 பாகை சாய்வில், விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம். ஆகவே மையத்து எக்ஸ் கதிர் நம்மை எட்டும் வழியில் வட்டின் மேற்பரப்புக்குச் சற்று மேலே மிதக்கும் வாயுவைத் துளைத்து வருகிறது. பள்ளங்களைத் தோண்டியது அந்த வாயுதான்.

ஒவ்வொரு பள்ளமும் ஓர் அயனியின் கையெழுத்து. 26 எலக்ட்ரான்களில் 25-ஐ இழந்த இரும்பு 6.97 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலிலும், 24-ஐ இழந்தது 6.70-இலும் கதிரை விழுங்கும். இவ்விரண்டில் எது ஆழம் என்று பார்த்தால், வாயு எந்த அளவுக்கு அயனியாகியிருக்கிறது என்று தெரியும். பள்ளம் நகர்ந்த தூரம் டாப்ளர் விளைவின்படி வேகத்தைச் சொல்லும். ஆழம், வழியில் எத்தனை அணுக்கள் உண்டு என்பதைச் சொல்லும். பள்ளத்தின் அகலத்தில் கொந்தளிப்பும் சுழற்சியும் கலந்திருக்கும். நிறமாலை தரக்கூடியது அவ்வளவே.

காந்தப்புலம் நேரடியாக ஏன் தெரியாது? காந்தப்புலத்தில் நிறமாலை வரிகள் பிளவுபடும் என்பது சீமன் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். சூரியப் புள்ளிகளின் காந்தத்தை அப்படித்தான் அளந்தார்கள். ஆனால் வட்டின் மேல் 1 லட்சம் காஸ் அளவு புலம் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் பிளவு சுமார் 0.0006 எலக்ட்ரான் வோல்ட்தான். இரும்பு வரிகளின் ஆற்றலில் இன்றைக்கு இருப்பதிலேயே கூர்மையான எக்ஸ் கதிர்க் கருவியின் பிரிதிறன் 4.5 எலக்ட்ரான் வோல்ட். ஏழாயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி. பொறியியல் முன்னேற்றத்தால் நிரப்பக்கூடிய இடைவெளி அல்ல இது. எனவே காந்தத்தை 'கண்டறிந்தோம்' என்று எந்த ஆய்வறிக்கையாவது சொன்னால், மற்ற வழிகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு மிஞ்சியதைச் சொல்கிறார்கள் என்றுதான் பொருள். நீக்கல் முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. நீக்கப்பட்டவற்றில் ஒன்று திரும்பி வந்துவிட்டால் மொத்த வாதமும் ஆட்டம் காணும்.

வட்டிலிருந்து வாயுவைக் கிளப்பக்கூடியவை மூன்று: ஒளி, வெப்பம், காந்தம்.

ஒளியை நீக்குவது எளிது. சூடான பெருவிண்மீன்களிலிருந்து காற்று வீசுவதற்குக் காரணம் ஒளியின் அழுத்தம் என்பதை 1975-இல் காஸ்டர், அபோட், கிளைன் மூவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். புற ஊதாக் கதிரை அயனிகள் தம் வரிகளில் விழுங்கும்போது உந்தமும் சேர்ந்து கிடைக்கிறது. வரிகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் விசை பல மடங்கு பெருகுகிறது. அதற்கு அயனிகளிடம் எலக்ட்ரான்கள் மிச்சம் இருக்க வேண்டும். இங்கேயோ இரும்புக்கே பெரும்பாலும் ஓரிரண்டு எலக்ட்ரான்தான் மிச்சம். இவ்வளவு உரிக்கப்பட்ட வாயுவை வரிகள் வழியாகத் தள்ள முடியாது. வெறும் எலக்ட்ரான் சிதறலால் தள்ளவேண்டுமென்றால் ஒளி, தன் அழுத்தம் ஈர்ப்பை ஈடுகட்டும் எடிங்டன் எல்லையைத் தொட வேண்டும். 2005-இல் பார்த்த ஒளி அந்த எல்லையில் சில சதவீதமே.

வெப்பத்தின் கதை வேறு. மையத்து எக்ஸ் கதிர் வட்டின் வெளிப்பகுதியைச் சுட்டால் அதன் மேற்பரப்பு ஒரு கோடி கெல்வினைத் தாண்டிக் கொதிக்கும். எக்ஸ் கதிரோடு எலக்ட்ரான்கள் ஆற்றலைப் பரிமாறிச் சமநிலைக்கு வரும் இந்த வெப்பநிலைக்குக் காம்ப்டன் வெப்பநிலை என்று பெயர். ஜிஆர்ஓ ஜே1655-40-இன் அன்றைய நிறமாலைக்கு அது சுமார் 1.4 கோடி கெல்வின். மையத்திலிருந்து போதிய தூரத்தில், அதாவது ஈர்ப்பு தளர்ந்த இடத்தில், இந்த வெப்பமே வாயுவை விடுவித்துவிடும். 1983-இல் பெகல்மன், மெக்கீ, ஷீல்ட்ஸ் மூவரும் இந்தக் கணக்கை முறைப்படுத்தினார்கள். இந்தக் கருந்துளைக்கு அந்தத் தூரம் ஏறக்குறைய 50 லட்சம் கிலோமீட்டர். பின்னால் வந்த கணினிக் கணக்குகளின்படி அதன் பத்தில் ஒரு பங்குத் தூரத்திலிருந்தே, அதாவது 5 லட்சம் கிலோமீட்டரிலிருந்தே காற்று கிளம்பலாம். அதற்கும் உள்ளேயிருந்து கிளம்பினால் வெப்பம் காரணமில்லை.

ஆக மொத்த வழக்கும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: காற்று கிளம்பிய இடம் 5 லட்சம் கிலோமீட்டருக்கு உள்ளேயா, வெளியேயா?

மூன்றாவது காரணமான காந்தத்துக்கு இப்படி எல்லைக்கோடு கிடையாது. வட்டில் எங்கிருந்தும் அது வாயுவைக் கிளப்பும். 1982-இல் ரோஜர் பிளான்ட்ஃபோர்டும் டேவிட் பெய்னும் காட்டிய வழி இது: வட்டில் வேரூன்றிய காந்தப் புலக்கோடுகள் வட்டோடு சேர்ந்து சுழல்கின்றன. அயனியாகிய வாயு புலக்கோட்டை விட்டு விலகமுடியாது, அதன் நெடுகே மட்டும் நகரலாம். வட்டின் தளத்தோடு புலக்கோடு 60 பாகைக்கும் குறைவாகச் சாய்ந்திருந்தால், கவணில் வைத்துச் சுழற்றிய கல் போல வாயு வெளியே வீசப்படும். இப்படிப் போகும் வாயு கோண உந்தத்தையும் எடுத்துச் செல்கிறது. வட்டில் மீதமுள்ள வாயு கருந்துளையை நோக்கி இறங்க அது வழிவிடுகிறது. கோட்பாட்டாளர்கள் இந்தப் படத்தைக் கைவிட மனமில்லாமல் இருப்பதற்கு இந்த இரட்டைப் பயனே காரணம் என்று தோன்றுகிறது.

வட்டுக்குள் காந்தம் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. இருந்தாக வேண்டும். வாயு உராய்ந்து உள்ளே செல்ல ஏதோ ஒரு பாகுநிலை வேண்டும். 1973-இல் ஷாகுராவும் சுன்யாயெவும் அதற்கு ஒரு கிரேக்க எழுத்தைப் போட்டு வைத்துவிட்டு மேலே சென்றார்கள். அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலை 1991-இல் ஸ்டீவன் பால்பஸும் ஜான் ஹாலியும் விளக்கினார்கள்: சுழலும் வட்டில் மெலிந்த காந்தப்புலம் இருந்தாலே போதும், ஓட்டம் நிலைகுலைந்து கொந்தளிக்கும். இந்த நிலையின்மையைச் சுழலும் இரு உருளைகளுக்கு இடைப்பட்ட திரவத்துக்கு 1959-இல் வெலிகோவும் 1960-இல் சந்திரசேகரும் முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அதே சுப்பிரமணியன் சந்திரசேகர்தான். கருந்துளை வட்டின் காந்த வழக்குக்கு முதல் சாட்சியம் தந்த விண்நோக்கிக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் சூட்டியவர்கள் அவரது வெண்குறுமீன் எல்லையைத்தான் மனத்தில் வைத்திருந்திருப்பார்கள்; 1960-இன் அந்தக் கட்டுரை நினைவில் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

இனி 2006-இன் கணக்கு. மையத்து ஒளியை வாயுவின் அடர்த்தியாலும் தூரத்தின் வர்க்கத்தாலும் வகுத்தால் வருவது அயனியாக்க அளவுரு. அயனியாக்கம் நிறமாலையில் தெரிகிறது, ஒளியும் தெரிகிறது. அடர்த்தி மட்டும் தெரிந்துவிட்டால் தூரத்தைப் பெற்றுவிடலாம். வழக்கமாக அடர்த்திதான் கிடைக்காது. இந்தப் பதிவில் அதற்கும் ஒரு வழி கிடைத்தது. 21 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு அயனி 11.77 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஒரு வரியையும் 11.92-இல் இன்னொன்றையும் பதிக்கும். முதல் வரி அடிநிலையில் இருக்கும் அயனியிலிருந்து வருகிறது. இரண்டாவது, அதற்குச் சற்று மேலேயுள்ள சிற்றுறுதி நிலையில் இருக்கும் அயனியிலிருந்து வருகிறது. அந்த மேல்நிலைக்கு அயனிகளை ஏற்றிவைப்பது எலக்ட்ரான் மோதல்கள். மோதல் மிகுந்தால் இரண்டாவது வரி ஆழமாகும். எனவே இரு வரிகளின் விகிதம் அடர்த்தியைச் சொல்லும். மில்லர் குழுவுக்குக் கிடைத்த விடை மிகப் பெரியது. 2008-இல் அவர்களே விரிவாகத் திருத்திச் செய்த ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு லட்சம் கோடி எலக்ட்ரான்கள் என்ற அளவு அல்லது அதற்கும் மேல்.

இந்த எண்ணை வைத்து வாசகரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்று பார்த்த ஒளி, பத்தாயிரம் என்ற அளவில் அயனியாக்க அளவுரு, மேற்சொன்ன அடர்த்தி ஆகியவற்றைப் போட்டால் தூரம் சுமார் 70,000 கிலோமீட்டர் வருகிறது. 5 லட்சம் எங்கே, 70,000 எங்கே! வெப்பம் நீக்கப்பட்டது. ஒளி முன்பே நீக்கப்பட்டது. காந்தம் மிஞ்சியது.

எதிர்ப்பு 2006-இலேயே வந்தது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஹகாய் நெட்ஸர், அடர்த்தியைக் குறைத்து, காற்றை வெளியே தள்ளி வைத்தாலும் பெரும்பாலான வரிகள் பொருந்துகின்றன என்றார். மில்லர் குழு 2008-இல் மறுத்தது. 2010-இல் லுக்கெடிச்சும் சக ஆய்வாளர்களும் வெப்பக் காற்றைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, அதன் அடர்த்தி போதவில்லை என்றார்கள். காந்தத்தின் பக்கம் தராசு சாய்ந்தது. 2017-இல் கெய்கோ ஃபுகுமுராவும் டெமோஸ்தெனிஸ் கசானாஸும் மற்றவர்களும் முழு வட்டிலிருந்தும் கிளம்பும் காந்தக் காற்று மாதிரி ஒன்றை அந்தச் சந்திரா நிறமாலையோடு பொருத்திக் காட்டி, நிறை எதுவாயினும் கருந்துளைக் காற்றுக்குக் காந்தமே மூலம் என்று 'நேச்சர் அஸ்ட்ரானமி'யில் எழுதினார்கள்.

இதற்கிடையே வேறொரு சந்தேகம் மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது. அந்த ஏப்ரல் பதிவுக்கு மூன்று வாரம் முன்பு, 2005 மார்ச்சில் சந்திரா எடுத்த பதிவில் ஏறக்குறைய ஒரே ஒரு இரும்பு வரிதான் இருந்தது. மூன்று வாரத்தில் ஒன்று தொண்ணூறானதை அயனியாக்க மாற்றம் மட்டும் விளக்காது, காற்றின் அமைப்பே மாறியிருக்க வேண்டும் என்று 2012-இல் நீல்சனும் ஹோமனும் காட்டினார்கள். 2015-இல் அட்லியும் கிளைன்-வோல்ட்டும் கதிர் ஏற்ற இறக்கங்களைக் கொண்டு அந்த நிலையின் விசித்திரத்தைச் சுட்டினார்கள். 2016-இல் ஷிதாட்சு, டன், உவேதா மூவரும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அகச்சிவப்பையும் சேர்த்துப் பார்த்தார்கள். எக்ஸ் கதிர் இவ்வளவு மங்கியிருக்கையில் அவை மங்கவில்லை. எக்ஸ் கதிர் உண்மையில் குறைந்துவிட்டதா, தடித்த காற்றுக்குப் பின்னால் மறைந்திருக்கிறதா?

2023-இல் ரியோட்டா தோமாரு, கிறிஸ் டன், ஜுன்ஜியே மாவோ மூவரும் வெளியிட்ட மறுஆய்வு இந்தக் கேள்விக்குக் கூர்மையான விடை தந்தது. அயனிகள் சிற்றுறுதி நிலைக்கு ஏற மோதல் மட்டும்தான் வழியா? கதிரை விழுங்கி மேலே குதித்த அயனி படிப்படியாக இறங்கும்போதும் அந்த நிலையில் வந்து தங்கலாம். கருந்துளையின் ஒளி வெள்ளத்தில் இது சிறிய விளைவு அல்ல. அதைக் கணக்கில் சேர்த்ததும் அடர்த்தி பத்து மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது. கூடவே, வாயுத் திரை எக்ஸ் கதிரையே சிதறடிக்கும் அளவுக்குத் தடித்தது என்றும் தெரிந்தது. மையத்தின் உண்மை ஒளி நாம் பார்த்ததைவிட அதிகம். மேலே போட்ட கணக்கில் அடர்த்தியைப் பத்தால் வகுத்து, ஒளியைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள்: 70,000 கிலோமீட்டர் 7 லட்சமாகிவிடும். காற்று கிளம்பிய இடம் வெப்பத்தின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பத்திரமாக வந்து நிற்கிறது. வெப்பமும் கதிரழுத்தமும் சேர்ந்த காற்று நிறமாலையோடு நன்கு பொருந்துகிறது என்றும், காந்த மாதிரிதான் அயனிகளின் கலவையைச் சரியாகக் காட்டத் தடுமாறுகிறது என்றும் அவர்கள் எழுதினார்கள்.

பத்து மடங்கு என்று நான் ஒளிக்குப் போட்டது எளிய கணக்குக்காக. மூலக் கட்டுரையின் மாதிரி இதைவிட நுணுக்கமானது. ஆனால் போக்கு இதுதான். ஒரு அயனியின் இரண்டு வரிகள், அவற்றின் விகிதம், அந்த விகிதத்துக்குப் பின்னால் ஓர் அணு இயற்பியல் அனுமானம். பதினேழு ஆண்டு வாதம் இதன் மேல் நின்றிருக்கிறது. விண்ணியல் இதழ்களில் அணு இயற்பியல் நிரல்களைப் பற்றிய வரிகளை நாம் தாண்டிப் படிப்பது எவ்வளவு ஆபத்து என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு உதாரணம் தேவையில்லை.

இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத இன்னொரு சாட்சியும் உண்டு: வேகம். 70,000 கிலோமீட்டர் தூரத்தில் ஏழு சூரிய நிறையின் பிடியிலிருந்து தப்ப நொடிக்கு 5,000 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். பதிவான வேகங்களோ பெரும்பாலும் சில நூறு. காந்தக் கட்சியினர் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள்: காற்றின் அடிப்பகுதியில் வாயு சுழற்சித் திசையில்தான் அதிகம் ஓடுகிறது, நம் பார்வைக் கோட்டில் அதன் சிறு பங்கே விழுகிறது. இது இயலாத விடை அல்ல. ஆனால் 1.4 கோடி கெல்வின் பிளாஸ்மாவில் ஒலியின் வேகம் நொடிக்கு 400 முதல் 450 கிலோமீட்டர். வெப்பக் காற்று இயல்பாகவே அந்த அளவு வேகத்தில்தான் கிளம்பும். எளிய விளக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அதற்காகக் காந்தம் தோற்றுவிட்டது என்று எழுதிவிட முடியாது. தோற்றது ஒரு சான்று மட்டுமே. மற்ற இரட்டைகளையும் பார்க்க வேண்டும்.

இந்தக் காற்றுகளின் முதல் தடயங்கள் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் காலத்தவை. உவேதா குழு 1998-இல் ஜிஆர்ஓ ஜே1655-40-இலும், கோதானி குழு 2000-இல் ஜிஆர்எஸ் 1915+105-இலும் இரும்பு உட்கவர் வரிகளை அறிவித்தன. 2009-இல் நீல்சனும் ஜூலியா லீயும் ஜிஆர்எஸ் 1915+105-இன் பத்தாண்டுப் பதிவுகளைத் திரட்டி, பீறல் (ஜெட்) வீசும்போது காற்று இல்லை, காற்று வீசும்போது பீறல் இல்லை என்று கண்டார்கள். 2012-இல் கேப்ரியேலே பொன்டி குழு பல இரட்டைகளைச் சேர்த்து இதைப் பொதுவாக்கியது: வட்டின் மென்கதிர் ஓங்கிய நிலையில், விளிம்புப் பக்கமாகப் பார்க்கும் இரட்டைகளில், காற்று தவறாமல் தெரிகிறது. காற்றில் போகும் நிறை கருந்துளைக்குள் விழுவதைவிடப் பல மடங்கு இருக்கலாம் என்றும் கணக்கிட்டார்கள். விழுங்குவதைவிடச் சிந்துவது அதிகம்.

காற்று இப்படித் தோன்றி மறைவது காந்தப்புலத்தின் அமைப்பு மாறுவதைக் காட்டுகிறது என்று முதலில் பலர் எண்ணினார்கள். அவ்வளவு அவசரம் தேவையில்லை. வன்கதிர் ஓங்கிய நிலையில் வாயு வெப்பச் சமநிலை குலைந்து, இரும்பு வரிகளைத் தரும் அயனியாக்க நிலையிலேயே தங்க முடியாமல் போகலாம். அப்போது காற்று வீசினாலும் எக்ஸ் கதிரில் தெரியாது. 2015-இல் வி404 சிக்னி எழுச்சி கண்டபோது முனியோஸ்-தாரியாஸ் குழு எக்ஸ் கதிரை விட்டுவிட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்து, நொடிக்கு 3,000 கிலோமீட்டர் வரை வேகமுள்ள குளிர்ந்த காற்றைக் கண்டது. பின்னர் மேக்ஸி ஜே1820+070 வன்கதிர் நிலையில் இருந்தபோதும் அப்படியே. காற்று நிற்கவில்லை, நாம் பார்த்த சன்னல்தான் தவறு என்ற வாதம் இதனால் வலுத்தது.

வெப்பத்தால் விளக்கவே முடியாத வேகங்களும் உண்டு. 2012-இல் ஆஷ்லி கிங் குழு ஐஜிஆர் ஜே17091-3624-இல் நொடிக்கு 9,300 கிலோமீட்டர், ஒளியின் வேகத்தில் 3 சதவீதம், என்று ஒரு வரியைப் படித்தது. ஒரு கோடி கெல்வின் வெப்பம் இந்த வேகத்தைத் தராது. என் பார்வையில், விண்மீன் நிறைக் கருந்துளைகளில் காந்தக் கட்சியின் உண்மையான பலம் ஜிஆர்ஓ ஜே1655-40 அல்ல, இத்தகைய அதிவேக வரிகள்தான். குறை என்னவென்றால் அவை எண்ணிக்கையில் சில. எந்த அயனியின் வரி என்று அடையாளம் காண்பதிலேயே வேகமும் அடங்கியிருக்கிறது. அடையாளம் மாறினால் வேகமும் மாறும்.

பெருங்கருந்துளைகளில் வேகத்துக்குப் பஞ்சமில்லை. 2010-இல் பிரான்செஸ்கோ தொம்பேசி குழு எக்ஸ்எம்எம்-நியூட்டன் பதிவுகளை ஆராய்ந்து, அருகிலுள்ள வானொலி மங்கிய செயல்மிகு விண்மீன் மண்டலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளிவேகத்தில் 30 சதவீதம் வரை எட்டும் காற்றுகள் இருப்பதாகச் சொன்னது. ஆனால் இங்கே ஒளி என்ற முதல் சந்தேகி மறுபடி நுழைந்துவிடுகிறது. குவேசரின் வட்டு விண்மீன் நிறைக் கருந்துளையின் வட்டைவிடக் குளிர்ந்தது. அது வெளியிடும் கதிரில் புற ஊதா ஓங்கியிருக்கும், வரிகள் வழியாகத் தள்ளத் தேவையானதும் அதுவே. பல குவேசர்கள் எடிங்டன் எல்லைக்கு அருகில் எரிகின்றன. ஆகவே நிறை எதுவாயினும் ஒரே விளக்கம் என்ற கனவுக்குத்தான் இது பெரும் அடி.

2025-இல் வந்த இரண்டு முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். பிடிஎஸ் 456 என்ற குவேசரின் காற்று ஒளிவேகத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை, ஐந்து தனித்தனி வேகக் கூறுகளாகப் பிரிந்து, கட்டி கட்டியாக வீசுகிறது. ஜிஎக்ஸ் 13+1 என்ற நியூட்ரான் விண்மீன் இரட்டையோ எடிங்டன் எல்லையைத் தொட்டோ தாண்டியோ எரிந்த வேளையில்கூட அதன் காற்று நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர்தான் போனது. இரண்டும் எல்லையருகே எரிபவை. காற்றின் தடிமனும் அதிகம். வேகமோ இருநூறு மடங்கு வேறு. வட்டின் வெப்பநிலை வேறு, அதனால் வரிகள் வழியாகத் தள்ளும் விசை வேறு என்பதே டன் முன்வைக்கும் விளக்கம். காந்தமே பொதுக் காரணம் என்றால் இந்த வேறுபாட்டைத் தனியே விளக்கவேண்டியிருக்கும்.

இவ்விரண்டையும் தந்த எக்ஸ்ரிசம் செயற்கைக்கோளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அதன் ரிசால்வ் கருவி 36 சிறு படப்புள்ளிகள் கொண்டது. தனிச் சுழியிலிருந்து வெறும் 0.05 கெல்வின் மேலே குளிர்விக்கப்பட்டிருக்கும். ஓர் எக்ஸ் கதிர் ஃபோட்டான் விழும்போது ஏறும் இம்மியளவு வெப்பத்தைக் கொண்டு அதன் ஆற்றலை அளக்கும். இந்தக் கருவியை விண்ணில் நிறுத்த ஜப்பான் பட்ட பாடு நெடியது. 2000-இல் ஏவுதலே தோற்றது. 2005-இல் சுசாகுவின் குளிர்விப்பு ஹீலியம் ஒரு மாதத்துக்குள் ஆவியாகிப் போனது. 2016-இல் ஹிட்டோமி ஐந்தே வாரங்களில் கட்டுப்பாடிழந்து சிதறியது. 2023 செப்டம்பரில் ஏவிய எக்ஸ்ரிசம் நிலைத்தது. இரும்பு வரிகள் இருக்கும் ஆற்றலில் சந்திராவின் கீற்றணி நொடிக்கு ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தைத்தான் பிரிக்கும். ரிசால்வ் 200 கிலோமீட்டரைப் பிரித்துவிடுகிறது.

இந்தக் கூர்மை என்ன காட்டும் என்பதற்கு 4யூ 1630-472 என்ற கருந்துளை இரட்டை முன்னோட்டம். 2024 எழுச்சியின் கடைசியில், எடிங்டன் எல்லையில் 5 சதவீத அளவு மங்கிய நிலையில் பிடித்தார்கள். 6.97 வரி இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. மையத்து ஒளி 10 சதவீதம்தான் ஏறி இறங்கியது. சில வரிகளின் ஆழமோ ஏறக்குறைய பத்து மடங்கு மாறியது. வேகம் நொடிக்கு 200 கிலோமீட்டர் அளவே. கிளம்பிய வாயு தப்பாமல் திரும்பி விழுவதாகக்கூட இருக்கலாம். இத்தனை மங்கிய நிலையில் வெப்பக் காற்று வலுவிழக்கவேண்டும். காந்தம் என்றால் இவ்வளவு சோம்பல் ஏன்? இரு கட்சிக்கும் சங்கடம் தரும் பதிவு இது. நல்ல தரவு பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறது.

காந்தத்துக்கு ஆதரவாக அண்மையில் வந்த வலுவான வாதம் வேறு திசையிலிருந்து வந்தது. சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்ஜிசி 3783 விண்மீன் மண்டலத்தை 2024 ஜூலையில் பத்து நாள் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு எக்ஸ் கதிர்ச் சுடரொளி தணியும் வேளையில், ஒரு நாளுக்குள், ஒளிவேகத்தில் 19 சதவீத வேகக் காற்று புதிதாகப் பிறந்தது. சூரியனில் காந்தப் புலக்கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது பிளாஸ்மா எறியப்படுவதுபோல் இது இருக்கிறது என்கிறது லியி கு தலைமையிலான குழு. வெளிச்சம் குறையும்போது பிறந்த காற்றை வெளிச்சம் தள்ளியது என்று சொல்வது கடினம். இதுவும் நீக்கல் வாதம்தான். ஆனால் காலத்தைச் சாட்சியாக வைக்கும் நீக்கல். ஒரே கணத்தின் அடர்த்தியை மட்டும் நம்பியதல்ல. அந்த வகையில் 2006-இன் வாதத்தைவிட உறுதியானது. ஒரு முறைதான் பார்த்திருக்கிறோம் என்பது அதன் குறை.

நீக்கலை விட்டு நேர்ச்சான்றுக்குப் போக ஒரு வழி உண்டு: வரியின் வடிவம். காந்தக் காற்று வட்டின் உள் ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை எங்கும் கிளம்பும். உள்ளே கிளம்புவது வேகமானது, அதிகம் உரிக்கப்பட்டது. ஆகவே 6.97 வரியின் நீலப்பக்கத்தில் நீண்ட வால் இருக்கவேண்டும், குறைவாக உரிக்கப்பட்ட அயனிகளின் வரிகளில் அந்த வால் குட்டையாக வேண்டும் என்று ஃபுகுமுரா குழு முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. வெப்பக் காற்றுக்கு ஓர் உள் எல்லை இருப்பதால் அத்தகைய வால் வளர இடமில்லை. சுஸ்மிதா சக்ரவர்த்தி கிரெனோபிள் குழுவினரோடு 2016-இல் செய்த கணக்கு இன்னொரு கட்டுப்பாட்டைத் தருகிறது: குளிர்ந்த மேற்பரப்புள்ள வட்டிலிருந்து எழும் காந்தக் காற்று, கண்ட வரிகளைப் பதிக்கப் போதிய அடர்த்தி பெறாது. மேற்பரப்பைச் சூடாக்கினால்தான் நிறை போதிய அளவு ஏறும். அதாவது காந்தத்துக்கும் வெப்பத்தின் உதவி வேண்டியிருக்கிறது! 'காந்தமா, வெப்பமா' என்று இருபது ஆண்டுகளாக இரு கட்சியாகப் பிரிந்து நின்றவர்கள் இந்த முடிவுக்கு இன்னும் கொஞ்சம் காது கொடுத்திருக்கலாம்.

ரிசால்வ் இந்த வடிவச் சோதனையைச் செய்யும். 2006-இன் அடர்த்திச் சோதனையை மட்டும் அதனால் திரும்பச் செய்ய முடியாது. கருவியின் முன்னுள்ள அடைப்புக் கதவு விண்ணில் திறக்கவில்லை, அதனால் 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழேயுள்ள கதிர்கள் தடைபடுகின்றன. 11.77, 11.92 ஆங்ஸ்ட்ராம் வரிகள் இருப்பது 1.05-இல். சந்திராவின் மென்கதிர் உணர்வோ பல ஆண்டுகளாகப் படிந்த மாசால் குன்றிவிட்டது. ஐரோப்பாவின் நியூஅதீனா விண்நோக்கி 2037 வாக்கில்தான் பறக்கும். அதுவரை அந்த இரு வரிகளைப் பற்றிய சச்சரவுக்குப் புதிய தரவு எளிதில் வராது. பழைய நிறமாலையையே புதிய அணு நிரல்களால் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டியிருக்கும்.

ஜிஆர்ஓ ஜே1655-40-ஐக் காந்தச் சான்று என்று பாடநூல்களும் மீளாய்வுகளும் இனிமேல் எழுதக்கூடாது என்பது என் கருத்து. காந்தம் இல்லை என்று எழுதவும் இன்னும் நேரம் வரவில்லை. விளிம்புப் பக்கமாகத் தெரியும் ஒரு கருந்துளை இரட்டை எடிங்டன் எல்லையில் சில சதவீத ஒளியோடு, மென்கதிர் ஓங்கிய நிலையில் எழும்போது, ரிசால்வ் அதை ஒரு முழு நாள் பார்த்து, 6.97 வரியின் நீலப்பக்கத்தில் நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வரை தேயும் வாலைக் காட்டவேண்டும். அடுத்த நாள் பார்வையில் ஒளி மாறாதிருந்து வால் மட்டும் மாறினால் இன்னும் நல்லது. அப்படி ஒரு நிறமாலை வந்தால் வெப்பக் கட்சியின் பக்கம் சாய்ந்திருக்கும் நான் உட்படப் பலர் இடம் மாற வேண்டியிருக்கும்.